ஒருவருக்கு நாற்காலி மாறியது, ஒருவருக்குப் பறிபோனது: அமைச்சர் பதவி எப்படிப் போகிறது?

2023 டிசம்பர் 12, செவ்வாய்க்கிழமை. பிரதமர் டத்தோஸ்ரீ அன்வார் இப்ராஹிம் தமது அமைச்சரவையின் முதல் பெரிய மாற்றத்தை அறிவித்தார். வெளியுறவு அமைச்சராக இருந்த டத்தோஸ்ரீ சாம்ப்ரி அப்துல் காடிர் உயர்கல்வி அமைச்சுக்கு மாற்றப்பட்டார். மனிதவள அமைச்சராக இருந்த வ. சிவகுமார் பெயர் புதிய பட்டியலில் இல்லவே இல்லை.

அன்று நம்முடைய வாட்ஸ்அப் குழுக்களில் ஓடிய கேள்வி ஒன்றுதான்: "ஏன் தூக்கிட்டாங்க?" அதற்கு அடுத்த கேள்வியை அதிகம் பேர் கேட்கவில்லை. ஓர் அமைச்சரை இப்படி ஒரே அறிவிப்பில் நீக்க முடியுமா? காரணம் சொல்ல வேண்டாமா? நாடாளுமன்றம் ஓட்டுப் போட வேண்டாமா?

இந்த இரண்டு பேரையும் சேர்த்துப் பார்ப்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. 14 ஆண்டுகளுக்கு முன் ஈப்போவில் இதே இருவரும் எதிரெதிரே நின்றார்கள். "பதவியில் இருப்பவரை யார் நீக்கலாம்?" என்ற கேள்விதான் அப்போதும் மேசையில் இருந்தது. அது நீதிமன்றத்தின் உச்சிப்படி வரை போனது. அந்தக் கதை தெரிந்தால் 2023-ல் நடந்தது இன்னும் தெளிவாகப் புரியும்.

அன்று யாருக்கு என்ன ஆனது?

முதலில் கணக்கு. 2022 டிசம்பரில் பதவியேற்ற அமைச்சரவையில் பிரதமரோடு சேர்த்து 28 பேர். அதில் உள்நாட்டு வாணிப அமைச்சராக இருந்த டத்தோஸ்ரீ சாலாவுடின் அயூப் 2023 ஜூலையில் காலமானார். டிசம்பர் மாற்றத்தில் 5 பேர் புதிதாக உள்ளே வந்தார்கள். முழு அமைச்சர்களில் வெளியே போனவர் ஒரே ஒருவர்: சிவகுமார்.

சாம்ப்ரிக்கு நடந்தது வேறு. அது ஒரு மூன்று முனை இடமாற்றம். தற்காப்பு அமைச்சராக இருந்த டத்தோஸ்ரீ முகமட் ஹசான் வெளியுறவுக்கு வந்தார். உயர்கல்வியில் இருந்த டத்தோஸ்ரீ காலிட் நோர்டின் தற்காப்புக்குப் போனார். வெளியுறவில் இருந்த சாம்ப்ரி உயர்கல்விக்கு வந்தார். மூவருமே அம்னோ. அதாவது கூட்டணிக்குள் அம்னோவின் பங்கு குறையவில்லை, நாற்காலிகள் மட்டும் சுற்றி வந்தன.

மனிதவள அமைச்சு ஜ.செ.க.வின் ஸ்டீவன் சிம்முக்குப் போனது. தொடர்பு, இலக்கவியல் என்று ஒன்றாக இருந்த அமைச்சு இரண்டாகப் பிரிக்கப்பட்டு, புதிய இலக்கவியல் அமைச்சராக அதே கட்சியின் கோபிந்த் சிங் டியோ வந்தார். ஆக ஜ.செ.க.வின் இடமும் குறையவில்லை. கட்சிக் கணக்கு சரியாக இருந்தது. ஆனால் சமூகக் கணக்கு வேறாக இருந்தது. அதற்குப் பிறகு வருவோம்.

முதலில் ஈப்போவுக்குப் போவோம்: 2008

2008 மார்ச் 8 பொதுத்தேர்தலில் பேராக் மாநிலச் சட்டமன்றத்தின் 59 இடங்களில் ஜ.செ.க. 18, பி.கே.ஆர். 7, பாஸ் 6 என மொத்தம் 31 இடங்களை எதிரணி பிடித்தது. தேசிய முன்னணிக்கு 28. பாஸ் கட்சியின் நிஸார் ஜமாலுடின் மந்திரி பெசார் ஆனார். துரோனோ சட்டமன்ற உறுப்பினராக இருந்த சிவகுமார் சபாநாயகர் ஆனார். ஒரு மலேசியச் சட்டமன்றத்தில் இந்தியர் ஒருவர் அந்த நாற்காலியில் உட்கார்ந்தது அதுவே முதல் முறை என்று அப்போது பெருமையாகப் பேசப்பட்டது.

மூன்று பேர் வித்தியாசத்தில் நின்ற அரசு அது. 2009 பிப்ரவரித் தொடக்கத்தில் அதே மூன்று பேர் நகர்ந்தார்கள். பி.கே.ஆரின் இரண்டு உறுப்பினர்களும், ஜ.செ.க.வைச் சேர்ந்த துணைச் சபாநாயகரும் கட்சியை விட்டு விலகி, தேசிய முன்னணிக்கு ஆதரவான சுயேச்சைகளாக மாறினார்கள். 31, 28 ஆனது. 28, 31 ஆனது. மக்கள் ஒரு ஓட்டும் போடாமலே பெரும்பான்மை கைமாறியது.

நிஸார் சட்டமன்றத்தைக் கலைக்கும்படி சுல்தானிடம் கேட்டார். சுல்தான் அஸ்லான் ஷா அதற்கு இணங்கவில்லை. 31 உறுப்பினர்களின் ஆதரவு தேசிய முன்னணிக்கு இருப்பதை நேரில் உறுதிப்படுத்திக்கொண்ட பின், நிஸாரைப் பதவி விலகச் சொன்னார். நிஸார் விலகவில்லை. பிப்ரவரி 6-ஆம் தேதி கோலகங்சார் அரண்மனையில் பங்கோர் சட்டமன்ற உறுப்பினர் சாம்ப்ரி புதிய மந்திரி பெசாராகப் பதவியேற்றார்.

ஒரு மாநிலம், இரண்டு மந்திரி பெசார். நானே உண்மையானவன் என்று இருவரும் சொல்லிக்கொண்ட மாதங்கள் அவை.

சபாநாயகர் என்ன செய்தார்?

இங்கேதான் சிவகுமார் வருகிறார். கட்சி மாறியவர்கள் முன்பு எழுதிக் கொடுத்திருந்த தேதியிடாத ராஜினாமா கடிதங்களை வைத்து அவர்களின் தொகுதிகள் காலி என்று அறிவித்தார். தேர்தல் ஆணையம் அதை ஏற்கவில்லை, இடைத்தேர்தல் நடத்த மறுத்தது. பிறகு பிப்ரவரி 18-ஆம் தேதி, புதிய மந்திரி பெசார் சாம்ப்ரியைச் சட்டமன்றத்திலிருந்து 18 மாதங்களுக்கும், அவருடைய 6 ஆட்சிக்குழு உறுப்பினர்களை 12 மாதங்களுக்கும் இடைநீக்கம் செய்தார்.

மார்ச் 3-ஆம் தேதி சட்டமன்றக் கட்டடம் பூட்டப்பட்டிருந்தது. சிவகுமாரும் அவர் தரப்பு உறுப்பினர்களும் அருகிலிருந்த ஒரு மரத்தடியிலேயே கூட்டத்தை நடத்தினார்கள். அந்த மரத்துக்கு "ஜனநாயக மரம்" என்ற பெயர் ஒட்டிக்கொண்டது.

ஏப்ரலில் கூட்டரசு நீதிமன்றம் இரண்டு விஷயத்திலும் சபாநாயகருக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. தொகுதி காலியா என்பதை முடிவு செய்வது தேர்தல் ஆணையத்தின் வேலை. சாம்ப்ரியை இடைநீக்கம் செய்ததும் செல்லாது. மே 7-ஆம் தேதி சட்டமன்றம் கூடியபோது, புதிய சபாநாயகராக ம.இ.கா.வின் ஆர். கணேசன் தேர்ந்தெடுக்கப்பட்டதாக அறிவிக்கப்பட்டது. நாற்காலியை விட்டு எழ மறுத்த சிவகுமார் அவையிலிருந்து வெளியே இழுத்துச் செல்லப்பட்டார். அந்தக் காட்சியை இன்றும் யூடியூபில் தேடிப் பார்ப்பவர்கள் உண்டு.

அன்று அந்த ஒரு நாற்காலிக்காக நின்ற இருவருமே தமிழர்கள். ஆனால் சண்டை இனத்தைப் பற்றியது இல்லை. ஓர் அரசாங்கத் தலைவரை யார், எங்கே, எப்படி நீக்கலாம் என்பதைப் பற்றியது.

நீதிமன்றம் என்ன சொன்னது?

மே 11-ஆம் தேதி கோலாலம்பூர் உயர்நீதிமன்றம் நிஸாரே சட்டப்படியான மந்திரி பெசார் என்றது. மே 22-ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை மாற்றியது. 2010 பிப்ரவரி 9-ஆம் தேதி கூட்டரசு நீதிமன்றம் இறுதியாகச் சொன்னது: சாம்ப்ரிதான்.

இந்த வழக்கின் முடிச்சு எது? மந்திரி பெசார் பெரும்பான்மையை இழந்துவிட்டார் என்பதை சட்டமன்றத்தில் ஓட்டெடுத்துத்தான் நிரூபிக்க வேண்டுமா, வெளியேயும் தெரிந்துகொள்ளலாமா?

இதே கேள்வி 1966-ல் சரவாக்கில் எழுந்தது. முதலமைச்சர் ஸ்டீபன் காலோங் நிங்கானை ஆதரிக்கவில்லை என்று 21 சட்டமன்ற உறுப்பினர்கள் கையெழுத்திட்ட கடிதத்தை வைத்து ஆளுநர் அவரைப் பதவி நீக்கினார். கூச்சிங் உயர்நீதிமன்றம் அது செல்லாது என்றது. நம்பிக்கை இழப்பு அவையில் ஓட்டெடுப்பின் மூலம் தெரிய வேண்டும் என்றது. நிங்கான் திரும்பி வந்தார். ஆனால் ஒரே வாரத்தில் அங்கே அவசரநிலை அறிவிக்கப்பட்டு, சட்டம் திருத்தப்பட்டு, அதே மாதத்தில் மறுபடியும் பதவி இழந்தார்.

பேராக் வழக்கில் கூட்டரசு நீதிமன்றம் வேறு வழியை எடுத்தது. அவையில் ஓட்டெடுப்பு மட்டுமே வழி என்று அரசியலமைப்பு சொல்லவில்லை, வேறு ஆதாரங்களைக் கொண்டும் முடிவுக்கு வரலாம் என்றது. பெரும்பான்மை போன பிறகு விலக மறுத்தாலும், பதவி காலியானதாகவே கருதப்படும் என்றது.

சிம்பிளா சொன்னால், அரசாங்கத் தலைவரின் பதவி எண்ணிக்கையின் மேல் நிற்கிறது. எண்ணிக்கை போனால் பதவி போகும். எண்ணிக்கை இருக்கும் வரை அவரை அசைப்பது கஷ்டம்.

அப்படின்னா அமைச்சருக்கு ஏன் அந்தப் பாதுகாப்பு இல்லை?

ஏனென்றால் அமைச்சர் நிற்பது எண்ணிக்கையின் மேல் இல்லை. அவர் நிற்பது பிரதமரின் ஆலோசனையின் மேல்.

கூட்டரசு அரசியலமைப்பின் 43-ஆவது விதியைப் பாருங்கள். அதன் 4-ஆவது உட்பிரிவு பிரதமரைப் பற்றியது: மக்களவையின் பெரும்பான்மை நம்பிக்கையை இழந்தால் அவர் அமைச்சரவையோடு பதவி விலக வேண்டும், அல்லது நாடாளுமன்றத்தைக் கலைக்கும்படி மாமன்னரிடம் கேட்க வேண்டும். 5-ஆவது உட்பிரிவு மற்ற அமைச்சர்களைப் பற்றியது: அவர்கள் மாமன்னரின் விருப்பம் உள்ளவரை பதவியில் இருப்பார்கள், பிரதமரின் ஆலோசனைப்படி மாமன்னர் நியமனத்தை ரத்து செய்யலாம், அமைச்சரே விரும்பினால் ராஜினாமாவும் செய்யலாம்.

அவ்வளவுதான். காரணம் சொல்ல வேண்டும் என்று எங்கும் இல்லை. விசாரணை கிடையாது. முன்னறிவிப்பு கிடையாது. நாடாளுமன்றத்தில் ஓட்டெடுப்பும் கிடையாது. நம்முடைய முதலாளி ஒரு வேலைக்காரரை நீக்கினால் தொழில் நீதிமன்றத்துக்குப் போகலாம். அமைச்சருக்கு அந்த வழிகூட இல்லை. தொழிலாளர் சட்டங்களைக் கவனிக்கும் மனிதவள அமைச்சருக்கே அந்தப் பாதுகாப்பு கிடையாது என்பது கொஞ்சம் முரண்தான்.

இதனால்தான் நம் அரசியல் வரலாற்றில் பெரிய நீக்கங்கள் ஒரே நாளில் நடந்து முடிந்திருக்கின்றன.

1987 ஏப்ரலில் அம்னோ தலைவர் தேர்தலில் டாக்டர் மகாதீர் 43 ஓட்டு வித்தியாசத்தில் துங்கு ரசாலியைத் தோற்கடித்தார். ரசாலி அணியில் இருந்த வெளியுறவு அமைச்சர் ரய்ஸ் யாத்திம் ராஜினாமா செய்தார். அதே அணியில் இருந்த தற்காப்பு அமைச்சர் அப்துல்லா அகமட் படாவி அமைச்சரவையிலிருந்து நீக்கப்பட்டார்.

1998 செப்டம்பர் 2-ஆம் தேதி துணைப் பிரதமர் அன்வார் நீக்கப்பட்டார். 2015 ஜூலை 28-ஆம் தேதி துணைப் பிரதமர் முகைதீன் யாசின் நீக்கப்பட்டார்.

இந்த மூன்று பெயரையும் மறுபடி படித்துப் பாருங்கள். அப்துல்லா, அன்வார், முகைதீன். மூவருமே அமைச்சரவையிலிருந்து வெளியே தள்ளப்பட்டவர்கள். மூவருமே பின்னாளில் பிரதமர் ஆனவர்கள். அப்துல்லா 1991-ல் வெளியுறவு அமைச்சராகவே திரும்பி வந்து, 2003-ல் பிரதமரானார். 1987-ல் விலகிய ரய்ஸும் 2008-ல் மறுபடி வெளியுறவு அமைச்சர் ஆனார். மலேசிய அரசியலில் நீக்கம் முற்றுப்புள்ளியாகவே இருக்க வேண்டும் என்றில்லை.

எல்லா நாட்டிலும் இப்படித்தானா?

இல்லை. சமீபத்திய நல்ல உதாரணம் உக்ரைன்.

டிமிட்ரோ குலேபா 2020 மார்ச்சில் உக்ரைனின் வெளியுறவு அமைச்சரானார். அப்போது அவருக்கு 40 வயதுகூட ஆகவில்லை. 2022 பிப்ரவரியில் ரஷ்யா முழு அளவில் படையெடுத்த பிறகு, உலகத் தலைநகரங்களில் ஆயுதமும் ஆதரவும் கேட்டு நின்ற முகம் அவருடையது. போர் இன்னும் முடியாத நிலையில், 2024 செப்டம்பரில் அதிபர் ஸெலன்ஸ்கி பெரிய அமைச்சரவை மாற்றத்தைச் செய்தார். அரசாங்கத்துக்குப் புதிய உத்வேகம் வேண்டும் என்பது அவர் சொன்ன காரணம். குலேபா ராஜினாமா கடிதம் கொடுத்தார்.

ஆனால் அங்கே கடிதத்தோடு கதை முடியாது. உக்ரைன் அரசியலமைப்பின்படி வெளியுறவு அமைச்சரின் பெயரை அதிபர் முன்மொழிவார், நியமிப்பது நாடாளுமன்றம். போகும்போதும் நாடாளுமன்றம் ஓட்டுப் போட வேண்டும். செப்டம்பர் 5-ஆம் தேதி அந்த ஓட்டெடுப்பு நடந்தது. அதே நாளில் அவருக்குத் துணையாக இருந்த ஆண்ட்ரி சிபிஹா புதிய அமைச்சராக ஏற்கப்பட்டார்.

நடைமுறையில் பெரிய வித்தியாசம் இல்லை என்று சிலர் சொல்லலாம். அதிபர் நினைத்ததுதானே நடந்தது? உண்மைதான். ஆனால் யார் ஆதரித்தார், யார் எதிர்த்தார் என்பது எண்ணிக்கையாகப் பதிவாகிறது. நம் நாட்டில் அந்தப் பதிவு கிடையாது. பிரதமரின் முடிவுக்குப் பிரதமரே பொறுப்பு. அதற்கான கணக்கை மக்கள் அடுத்த பொதுத்தேர்தலில்தான் கேட்க முடியும்.

சாம்ப்ரியின் கதை: மாற்றம் தோல்வியா?

சாம்ப்ரி 2009 முதல் 2018 வரை பேராக் மந்திரி பெசாராக இருந்தவர். 2022 நவம்பர் 19 பொதுத்தேர்தலில் லுமுட் நாடாளுமன்றத் தொகுதியில் தோற்றார். பிறகு மேலவை உறுப்பினராக, அதாவது செனட்டராக, நியமிக்கப்பட்டு வெளியுறவு அமைச்சரானார். அமைச்சராக இருப்பவர் மக்களவை அல்லது மேலவை, இரண்டில் ஒன்றில் உறுப்பினராக இருந்தால் போதும் என்பது 43-ஆவது விதி தரும் வசதி.

ஓராண்டு அந்தப் பதவியில் இருந்தார். மியன்மார் நெருக்கடி, தென் சீனக் கடல், 2023 அக்டோபரில் வெடித்த காஸா போர் என மூன்றும் அந்த ஓராண்டில் வந்தன. பிறகு ஒரு கட்சித் துணைத்தலைவருக்கு அந்த இடத்தைக் கொடுத்துவிட்டு உயர்கல்விக்குப் போனார்.

இதை "நீக்கம்" என்று சொல்ல முடியாது. அமைச்சரவை வரிசையில் அவர் இருந்தார், இருக்கிறார். ஆனால் "ஒன்றும் நடக்கவில்லை" என்றும் சொல்ல முடியாது. வெளியுறவு என்பது உறவுகளால் நடக்கும் வேலை. எதிரே உட்காரும் அமைச்சரின் கைப்பேசி எண் உங்களிடம் இருக்கிறதா என்பதே அங்கே ஒரு மூலதனம். ஒருவர் மாறினால், அந்த மூலதனத்தை அடுத்தவர் முதலிலிருந்து சேர்க்க வேண்டும்.

சிவகுமாரின் கதை: தெரிந்தது என்ன?

2013 முதல் பத்து காஜா நாடாளுமன்ற உறுப்பினர். 2022 டிசம்பரில் மனிதவள அமைச்சர். 2023 ஏப்ரலில், வெளிநாட்டுத் தொழிலாளர் நியமனம் தொடர்பான விசாரணையில் அவருடைய அலுவலக உதவியாளர்களை மலேசிய ஊழல் தடுப்பு ஆணையம் தடுத்து வைத்தது. அவரும் வாக்குமூலம் கொடுத்தார். அவர் மீது எந்தக் குற்றச்சாட்டும் சுமத்தப்படவில்லை. எட்டு மாதங்கள் கழித்து அமைச்சரவையில் இடம் இல்லை.

இந்த இரண்டையும் கோடு போட்டு இணைப்பது எளிது. கோப்பிக்கடையில் பலர் இணைத்தும்விட்டார்கள். ஆனால் மேலே சொன்ன சட்டத்தை நினைவில் வையுங்கள்: காரணம் சொல்ல வேண்டிய கட்டாயமே இல்லாத ஒரு முறை இது. காரணம் சொல்லாத இடத்தில் ஊகம் குடியேறும். அது நீக்கிய பிரதமருக்கும் நல்லதில்லை, நீக்கப்பட்டவருக்கும் நல்லதில்லை. தவறு செய்தாரா, இல்லையா, வேலை போதவில்லையா, கட்சிக் கணக்கா என்று எதுவும் தெளிவாகாமல் ஒரு பெயர் மட்டும் தொங்கிக்கொண்டு நிற்கும்.

"தமிழ் அமைச்சர் எங்கே?" என்ற கேள்வி

அந்த மாற்றத்துக்குப் பிறகு அமைச்சரவையில் இந்தியர் என்று எண்ணினால் ஒருவர் இருந்தார்: கோபிந்த். அவர் பஞ்சாபி சீக்கியர். தமிழர் என்று எண்ணினால் முழு அமைச்சர் யாரும் இல்லை. துணையமைச்சர்களில் எம். குலசேகரன், ஆர். ரமணன், கே. சரஸ்வதி இருந்தார்கள்.

இங்கே நம் சமூகம் இரண்டாகப் பேசியது. ஒரு தரப்பு சொன்னது: மலேசிய இந்தியர்களில் மிகப் பெரும்பான்மை தமிழர்கள், தமிழ்ப்பள்ளி, தோட்டப் பின்னணி, அடையாள ஆவணச் சிக்கல் என்று வரும்போது அமைச்சரவை மேசையில் அந்த வாழ்க்கையை உள்ளிருந்து அறிந்த ஒருவர் வேண்டும். துணையமைச்சர் அந்த மேசையில் உட்காருவதில்லை.

மறு தரப்பு சொன்னது: அமைச்சர் எல்லா மலேசியருக்கும் அமைச்சர். தமிழரா, பஞ்சாபியா என்று பிரித்தால், ஏற்கெனவே மக்கள்தொகையில் சுமார் 7 விழுக்காடாக இருக்கும் இந்தியர்கள் இன்னும் சிறுசிறு துண்டாகிவிடுவார்கள். வேலையைப் பாருங்கள், பெயரைப் பார்க்காதீர்கள்.

இரண்டு வாதத்திலும் அர்த்தம் உண்டு. ஆனால் இந்த விவாதம் ஏன் மனிதவள அமைச்சைச் சுற்றியே வருகிறது என்பதற்கு ஒரு வரலாறு இருக்கிறது.

பிரிக்பீல்ட்ஸின் பிரதான சாலைக்கு யார் பெயர்? துன் வீ. தி. சம்பந்தன். 1955-ல், சுதந்திரத்துக்கு முன்பே, துங்குவின் அமைச்சரவையில் அவர் ஏற்ற முதல் பொறுப்பு தொழிலாளர் அமைச்சு. பின்னர் வெ. மாணிக்கவாசகமும் தொழிலாளர் அமைச்சராக இருந்தார். அன்று நம்மவர்களில் மிகப் பலர் தோட்டத் தொழிலாளர்கள். கூலியும் குடியிருப்பும்தான் சமூகத்தின் முதல் பிரச்சினை. அதனால் அந்த அமைச்சு நம்மிடம் வந்தது பொருத்தமாக இருந்தது.

தோட்டங்கள் போயின. அந்தப் பழக்கம் போகவில்லை. 2008-லிருந்து வரிசையைப் பாருங்கள்: டாக்டர் எஸ். சுப்பிரமணியம், இடையில் சரவாக்கின் ரிச்சர்ட் ரியோட், பிறகு எம். குலசேகரன், எம். சரவணன், வ. சிவகுமார். ஆளும் கூட்டணி மூன்று முறை மாறியும் இந்த நாற்காலி பெரும்பாலும் ஒரே சமூகத்திடம் இருந்தது. ஆகவே சிவகுமார் போனபோது போனது ஒரு நபரின் பதவி மட்டும் என்று பலருக்குத் தோன்றவில்லை. "நம்ம அமைச்சு" போய்விட்டது என்று தோன்றியது. 2025 டிசம்பர் மாற்றத்தில் அதே மனிதவள அமைச்சு ஆர். ரமணனிடம் கொடுக்கப்பட்டபோது அந்தப் பழைய கோடு மறுபடி தொடர்ந்தது.

இதில் ஒரு சிக்கல் உண்டு. ஒரு சமூகத்துக்கு ஒரே ஒரு நாற்காலி என்ற பழக்கம் ஊறிவிட்டால், அந்த நாற்காலி போகும் அன்று எல்லாமே போனதுபோல ஆகிவிடும். நிதி, கல்வி, வெளியுறவு போன்ற அமைச்சுகளை நாம் கேட்கவே மறந்துவிடுவோம். 2018-ல் தொடர்பு, நீர்வளம், மனிதவளம், ஒற்றுமை என நான்கு இடங்களில் இந்தியர் இருந்தார்கள். அப்போது ஒருவர் போயிருந்தால் இவ்வளவு வெற்றிடம் தெரிந்திருக்காது.

கோப்புக்கு என்ன ஆகும்?

அமைச்சர் மாறும்போது நம்மைப் போன்ற சாதாரண மக்களைத் தொடும் விஷயம் இதுதான். பதவிகூட இல்லை, கோப்பு.

முடிதிருத்தும் கடை, ஜவுளிக்கடை, நகை செய்யும் பட்டறை. இந்த மூன்று தொழிலிலும் வெளிநாட்டுத் தொழிலாளரை எடுப்பது பல ஆண்டுகளாக முடக்கப்பட்டிருந்தது. வேலைக்கு ஆள் கிடைக்காமல் பல கடைகள் திணறின. பிரிக்பீல்ட்ஸிலோ கிள்ளான் தெங்கு கிளானா சாலையிலோ முடிவெட்டப் போய்க் காத்திருந்தவர்களுக்கு இது தெரியும். சிவகுமார் அமைச்சராக இருந்த 2023-ல், இந்த மூன்று துறைகளுக்கும் அனுமதி தர அரசாங்கம் இணங்கியதாக அறிவிக்கப்பட்டது. ஆனால் மறு ஆண்டும் அந்தத் தொழில் சங்கங்கள் அதே கோரிக்கையோடுதான் நின்றன.

அமைச்சர் மாறியதால்தான் இது தாமதமானது என்று சொல்ல ஆதாரம் இல்லை. வெளிநாட்டுத் தொழிலாளர் விவகாரத்தில் உள்துறை அமைச்சுக்கும் பெரிய பங்கு உண்டு. மொத்த எண்ணிக்கையைக் கட்டுப்படுத்துவதும் அரசாங்கத்தின் கொள்கை. ஆனால் ஓர் அறிவிப்பு என்பது வேறு, அமலாக்கம் என்பது வேறு. இரண்டுக்கும் நடுவில் ஒருவர் அந்தக் கோப்பைத் துரத்திக்கொண்டே இருக்க வேண்டும். துரத்தியவர் போய்விட்டால், அடுத்தவர் அதை முதல் பக்கத்திலிருந்து படிக்க வேண்டும். சில சமயம் படிப்பார், சில சமயம் அது மேசையின் அடியில் போய்விடும்.

அடுத்த மாற்றம் வரும்போது எதைப் பார்க்க வேண்டும்?

முதலில் வினைச்சொல்லைப் பாருங்கள். "மாற்றப்பட்டார்", "நீக்கப்பட்டார்", "ராஜினாமா செய்தார்" ஆகிய மூன்றும் வேறு வேறு. தலைப்பைப் பார்த்தே பகிர்ந்துவிட்டால் மூன்றும் ஒன்றாகிவிடும்.

இரண்டாவது, கட்சிக் கணக்கைப் பாருங்கள். கூட்டணி அரசில் ஒரு கட்சி தன் இடங்களை இழந்ததா, ஆளை மட்டும் மாற்றியதா என்பது பாதிக் கதையைச் சொல்லிவிடும்.

மூன்றாவது, உங்களுக்கு முக்கியமான ஒரு கோப்பைக் குறித்து வையுங்கள். அது சம்பளமோ, உதவித்தொகையோ, பள்ளி நிலமோ, உரிமமோ, எதுவாகவும் இருக்கலாம். புதிய அமைச்சர் வந்த 100 நாளில் அதைப் பற்றி ஒரு வார்த்தையாவது சொன்னாரா என்று பாருங்கள்.

கடைசியாக ஒன்று. அமைச்சர் பதவி போனாலும் நாடாளுமன்ற உறுப்பினர் பதவி போவதில்லை. முன்னதைக் கொடுப்பதும் எடுப்பதும் பிரதமரின் ஆலோசனை. பின்னதைக் கொடுத்தது வாக்காளர்கள். 2023 டிசம்பர் 12-க்குப் பிறகும் சிவகுமார் பத்து காஜாவின் உறுப்பினராகவே மக்களவையில் இருந்தார். ஒரு விஷயத்தில் உங்களுக்குக் கேள்வி இருந்தால், அமைச்சர் யார் என்று அடுத்த மாற்றம் வரை காத்திருக்க வேண்டியதில்லை. உங்கள் தொகுதி உறுப்பினரின் சேவை மையக் கதவு அதே இடத்தில்தான் இருக்கிறது.